ஜிலேபி மீன் எந்தப் பேரினம்? ஒரியோக்ரோமிஸ் வகைப்பாடு குறித்து

கேள்வி இதுதான்: ஏரியில் பிடிபடும் ஜிலேபி மீனுக்குப் பழைய மீன்வளப் பாடநூல்களில் ‘திலாப்பியா மொசாம்பிகா’ என்றும், 1970-களில் வந்த சில கட்டுரைகளில் ‘சரோதெரோடான் மொசாம்பிகஸ்’ என்றும், இன்றைய நூல்களில் ‘ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ்’ என்றும் போட்டிருக்கிறார்கள், மூன்றும் ஒரே மீனா, பெயர் ஏன் இத்தனை முறை மாறியது, இப்போது எதை எழுதுவது?

மூன்றும் ஒரே மீன்தான். இன்று எழுத வேண்டிய பெயர் ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ். பெயர் மாறியதற்குக் காரணம், நூறாண்டுக்கும் மேலாக ‘திலாப்பியா’ என்ற ஒரே பையில் போட்டு வைத்திருந்த ஆப்பிரிக்க மீன்கள் உண்மையில் ஒரே வம்சாவளியைச் சேர்ந்தவை அல்ல என்பது படிப்படியாகத் தெரியவந்ததுதான். அந்தப் பிரிப்பு எந்த அடிப்படையில் நடந்தது, பிறகு வந்த டி.என்.ஏ. ஆய்வுகள் அதில் எதை உறுதி செய்தன, எதைக் கலைத்தன என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

முதலில் குடும்பம். இம்மீன்கள் சிக்லிடு குடும்பத்தைச் சேர்ந்தவை. கையில் ஒரு ஜிலேபி மீனை எடுத்துப் பார்த்தாலே இக்குடும்பத்தின் அடையாளங்கள் தெரியும். பெரும்பாலான மீன்களுக்குத் தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூக்குத் துளைகள் இருக்கும். இதற்கு ஒன்றுதான் இருக்கும். உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு வாலுக்குப் போகும் வழியில் அறுபட்டு, சற்றுக் கீழே மறுபடி தொடங்கும். தொண்டைக்குள் கீழ்ப்புறத்தில் பற்கள் நிறைந்த ஒரு முக்கோண எலும்பு உண்டு. இரண்டு எலும்புகள் ஒன்றாக இணைந்து உருவான இந்த இரண்டாம் தாடைதான் இரையை அரைக்கிறது. வாயின் வெளித்தாடை இரையைப் பிடிக்கும் வேலையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. இதே குடும்பத்தில் நமக்கே உரிய மீன்களும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் கரிமீன் ஒரு சிக்லிடு. ஆனால் அதன் நெருங்கிய உறவினர்கள் மடகாஸ்கரில் இருக்கிறார்கள், ஜிலேபி மீனுக்கு அது தூரத்துச் சொந்தம் மட்டுமே.

இனிப் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களை ஒரே பெயரில் சேர்க்கும், குடும்பத்துக்குக் கீழான பிரிவுக்கு வருவோம். 1840-இல் ஆண்ட்ரூ ஸ்மித் தென்னாப்பிரிக்க விலங்குகளைப் பற்றி எழுதியபோது திலாப்பியா என்ற பேரினத்தை நிறுவி, திலாப்பியா ஸ்பார்மனி என்ற சிறிய மீனை அதில் வைத்தார். 1852-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பீட்டர்ஸ், மொசாம்பிக்கில் சாம்பெசி ஆற்றுப் பகுதியில் கிடைத்த மீனை விவரித்து, அதைக் குரோமிஸ் பேரினத்தில் சேர்த்தார். அதுதான் நம்முடைய ஜிலேபி மீன். குரோமிஸ் என்பது இன்று கடலில் வாழும் வேறொரு குடும்பத்து மீன்களின் பேரினம். அதே 1852-இல் ருப்பெல், மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரக் கழிமுகங்களில் வாழும் கருந்தாடை மீனுக்காகச் சரோதெரோடான் என்ற பேரினத்தை உருவாக்கினார். பிறகு 1889-இல் லண்டனில் இருந்த குந்தர், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் இன்றைய கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் எல்லையில் கிடக்கும் சாலா என்ற எரிமலைவாய் ஏரியிலிருந்து வந்த மீன்களைப் பார்த்து, ஒரியோக்ரோமிஸ் ஹன்டெரி என்று பெயரிட்டார். அந்த ஓர் ஏரிக்கு மட்டுமே உரிய அந்த மீனுக்காக உருவான பேரினப் பெயர், ஏறத்தாழ நூறாண்டு யாராலும் பெரிதாகக் கவனிக்கப்படாமல் இருந்துவிட்டு, இன்று உலகம் முழுவதும் பண்ணைகளில் வளர்க்கப்படும் மீன்களின் பெயராகியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவை எல்லாமே திலாப்பியா என்ற ஒரே பேரினத்துக்குள் அடக்கப்பட்டிருந்தன. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே வார்ப்பு: பக்கவாட்டில் தட்டையான உடல், முள்ளும் மென்கதிரும் சேர்ந்த நீண்ட முதுகுத் துடுப்பு, குஞ்சுப் பருவத்தில் அந்தத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கரும்பொட்டு. அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிக் கிடக்கும் மாதிரிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் பிரிக்கத் தோன்றாது. பிரிக்க வேண்டும் என்ற எண்ணம், இவை உயிரோடு தண்ணீரில் என்ன செய்கின்றன என்பதைக் கவனித்தவர்களிடமிருந்து வலுப்பெற்றது.

அந்தக் கவனிப்பின் மையம் குஞ்சு வளர்ப்பு. ஸ்மித்தின் திலாப்பியா ஸ்பார்மனியும் அதைப் போன்ற மீன்களும் ஒரு கல்லையோ தரையையோ சுத்தம் செய்து அதன்மேல் ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளை இடுகின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் இருக்கின்றன. சரோதெரோடான் வகையில் முட்டைகள் வாய்க்குள் அடைகாக்கப்படுகின்றன. ருப்பெலின் கருந்தாடை மீனில் அந்த வேலையை ஆண் செய்கிறது, கலிலேயக் கடல் பெயரைத் தாங்கிய சரோதெரோடான் கலிலேயஸில் தாயும் தந்தையும் பங்கிட்டுக்கொள்கின்றன. மூன்றாவது வகையில், அதாவது மொசாம்பிக் மீனும் (நம் ஜிலேபி) நைல் மீனும் (ஒரியோக்ரோமிஸ் நைலோடிகஸ்) அடங்கிய கூட்டத்தில், வாயில் அடைகாப்பது முழுக்க முழுக்கத் தாய் மட்டுமே.

இந்த மூன்றாவது வகையின் இனப்பெருக்கத்தை நம் ஊர்க் குளத்திலேயே பார்க்கலாம். வெயில் காலத்தில் ஆழமில்லாத கரையோரத்தில் தட்டு வடிவில் வரிசையாகக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் ஆண் வாயால் மண்ணைக் கவ்வித் துப்பித் தோண்டியது. அப்போது மொசாம்பிக் ஆணின் உடல் கரியாகக் கறுத்திருக்கும், தாடையின் கீழ்ப்பகுதி வெளுத்திருக்கும், முதுகுத் துடுப்பின் ஓரமும் வாலின் ஓரமும் சிவந்திருக்கும். மூப்படைந்த ஆணுக்குத் தாடை பெருத்து, முகத்தின் மேற்பகுதி உட்குழிந்துவிடும். பெண் குழிக்கு வந்து கொஞ்சம் முட்டையிட்டு, உடனே திரும்பி அவற்றை வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் இனப்பெருக்கத் துளையருகே வாயை வைத்து விந்தையும் சேர்த்து உறிஞ்சும். பிறகு அது அந்த இடத்தை விட்டுப் போய்விடும். ஆண் அடுத்த பெண்ணுக்காகக் குழியிலேயே இருக்கும். அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்று வாரம், குஞ்சுகள் தனியே திரியும் வரை, பொறுப்பு முழுவதும் தாயினுடையது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள்கூட ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் பாய்ந்து நுழைந்துகொள்ளும்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எதெல்வின் டிரெவவாஸ் இதைப் பேரின அளவிலான வேறுபாடாக எடுத்துக்கொண்டார். 1900-இல் பிறந்து 1993-இல் மறைந்த அவர், பணி ஓய்வுக்குப் பிறகும் இம்மீன்களை விடாமல் ஆராய்ந்தவர். 1973-இல் அவர் முதல் வெட்டை வெட்டினார்: தரையில் முட்டையிடுபவை திலாப்பியா, வாயில் அடைகாப்பவை எல்லாம் சரோதெரோடான். உங்கள் 1970-களின் கட்டுரைகளில் சரோதெரோடான் மொசாம்பிகஸ் என்ற பெயர் வந்தது இதனால்தான். அடுத்த பத்தாண்டுக்குள் அவரே இன்னொரு வெட்டை வெட்டினார். தாய் மட்டும் அடைகாப்பவற்றைத் தனியே பிரித்தார். அந்தக் கூட்டத்துக்குள் குந்தரின் சாலா ஏரி மீன் இருந்ததால், முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்ற விலங்கியல் பெயரிடல் விதிப்படி, முழுக் கூட்டத்துக்கும் ஒரியோக்ரோமிஸ் என்ற பெயர் வந்து சேர்ந்தது. 1983-இல் வெளியான அவருடைய பெருநூல் சரோதெரோடான், ஒரியோக்ரோமிஸ், டனாகிலியா ஆகிய மூன்று பேரினங்களையும் இனம் இனமாக விவரிக்கிறது. இன்றும் ஓர் ஆப்பிரிக்க ஜிலேபி மீனை அடையாளம் காண உட்காருபவர் முதலில் புரட்ட வேண்டிய நூல் அதுதான்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நடத்தையை வைத்துப் பேரினம் பிரிக்கலாமா, வாயில் அடைகாக்கும் பழக்கம் சிக்லிடுகளில் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கலாமே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பழைய பெயரையே துணைப்பேரினங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்றவர்களும் இருந்தார்கள். இந்தக் கேள்வி நியாயமானதே. அந்தப் பழக்கம் சிக்லிடுகளில் ஒருமுறைக்கு மேல் தோன்றியது என்பதும் உண்மைதான். ஆனால் டிரெவவாஸ் நடத்தையை மட்டும் நம்பி நிற்கவில்லை. உடலமைப்பும் அதனோடு ஒத்துப்போனது. செவுளைத் திறந்து முதல் வளைவின் கீழ்ப்பகுதியில் உள்ள முட்களை எண்ணிப் பாருங்கள். மொசாம்பிக் மீனில் அவை 14 முதல் 20 வரை நெருக்கமாக இருக்கும். பாசித்துகளையும் நுண்ணுயிர்களையும் வடித்து உண்பதற்கான அமைப்பு இது. நீர்த்தாவரங்களைக் கடித்து உண்ணும் ரெண்டால் மீனில், அதாவது முன்பு திலாப்பியா ரெண்டாலி எனப்பட்டு இப்போது கோப்டோடான் ரெண்டாலி எனப்படும் மீனில், 8 முதல் 12 வரைதான். உணவும் குஞ்சு வளர்ப்பும் எலும்பும் ஒரே கோட்டில் பிரிகின்றன என்பதுதான் அவருடைய வாதத்தின் பலம்.

பிறகு டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தன. அவற்றின் தீர்ப்பு ஒரியோக்ரோமிஸுக்குச் சாதகமாகவும் திலாப்பியாவுக்குக் கடும் பாதகமாகவும் அமைந்தது. 2013-இல் டுன்ஸும் ஷ்லீவெனும் வெளியிட்ட மூலக்கூறு வகைப்பாட்டில், திலாப்பியா என்று மிச்சமிருந்த பேரினம், யார் யாருக்கு உறவு என்பதைக் காட்டும் கிளைவழி மரத்தில் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. தரையில் முட்டையிடுவது மூதாதைகளிடமிருந்து வந்த பழைய பழக்கம். ஒரு பழைய பழக்கத்தை விடாமல் வைத்திருக்கின்றன என்பதற்காக அவற்றை ஒரே குடும்பக் கிளை என்று சொல்லிவிட முடியாது. அதனால் கோப்டோடான், ஹெட்டெரோதிலாப்பியா, பெல்மட்டோலாப்பியா என்று பல பேரினங்கள் நிலைபெற்றன. உண்மையான திலாப்பியா பேரினத்தில் இன்று எஞ்சியிருப்பவை ஸ்பார்மனி, ருவெட்டி, பலோனி, குயினசானா என்ற நான்கு இனங்கள் மட்டுமே. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மலாவி, விக்டோரியா ஏரிகளில் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பெருகிய வண்ணச் சிக்லிடுகளும் இதே பெருங்கிளையின் நடுவிலிருந்தே முளைத்தவை. ஆகவே ‘திலாப்பியா’ என்பது இன்று ஒரு வணிகச் சொல்லாகவும் பேச்சுச் சொல்லாகவும் பயன்படலாமே தவிர, அறிவியல் வகைப்பாட்டில் ஜிலேபி மீனுக்கு அது பொருந்தாது.

டிரெவவாஸ் பிரித்த வாய் அடைகாப்பு மீன்களோ ஒரே இனக்குழுவாக, ஒரியோக்ரோமினி என்ற பெயரில் ஒன்றாகவே நின்றன. இந்தக் குழுவில் ஈரானின் தெற்கில் ஹோர்முஸ் பகுதியில் வாழும் ஈரானோசிக்லா, யோர்தான் ஆற்றுப் படுகையின் டிரிஸ்டிரமெல்லா, எத்தியோப்பியா–எரித்திரியா எல்லையில் கொதிக்கும் டனாகில் பள்ளத்தாக்கின் டனாகிலியா ஆகியவையும் அடங்கும். இதில் இன்னும் ஒழுங்குபடாத பகுதி சரோதெரோடான்தான். கேமரூனில் பரோம்பி ம்போ என்ற சிறு எரிமலைவாய் ஏரியில் 11 சிக்லிடு இனங்கள் அங்கு மட்டுமே வாழ்கின்றன. அவை ஐந்து பேரினங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் அனைத்தும் ஒரே சரோதெரோடான் மூதாதையிலிருந்து அந்த ஏரிக்குள்ளேயே பிரிந்தவை.

ஒரியோக்ரோமிஸுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை கிழக்கு, தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் உரியவை. டிரெவவாஸ் இவற்றைத் துணைப்பேரினங்களாகவும் பிரித்தார். அவற்றில் நியாசலாப்பியா குறிப்பிடத்தக்கது. இதன் ஆண்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் இனப்பெருக்கத் துளையின் நுனியிலிருந்து வெண்மையாகவோ மஞ்சளாகவோ ஒரு குஞ்சம் வளர்ந்து தொங்கும். முட்டைகளை எடுத்துக்கொண்ட பெண் அந்தக் குஞ்சத்தையும் கவ்வும்போது விந்து அதன் வாய்க்குள் சேர்கிறது. மலாவி ஏரியில் ‘சாம்போ’ என்று விரும்பி உண்ணப்படும் மீன்கள் இந்தத் துணைப்பேரினத்தவை.

பேரின எல்லை பற்றிய விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அல்கோலாப்பியா. கென்யாவின் மகாடி ஏரியும் தான்சானியாவின் நேட்ரான் ஏரியும் சோடா ஏரிகள்; நீரின் காரத்தன்மையைக் காட்டும் pH அளவு ஏறத்தாழ 10, வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். அவ்வளவு காரமான நீரில் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுவது கடினம் என்பதால், மகாடியில் வாழும் அல்கோலாப்பியா கிரஹாமி தன் கழிவை யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. எலும்பு மீன்களில் இது மிக அரிது. இவ்வளவு விசித்திரமான மீனுக்குத் தனிப் பேரினம் தர வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. 1999 முதல் அப்படியே நடத்தப்பட்டும் வந்தது. ஆனால் 2019-இல் வெளிவந்த ஒரியோக்ரோமிஸ் முழுமைக்குமான மூலக்கூறு ஆய்வில், இவை ஒரியோக்ரோமிஸ் மரத்தின் உள்ளேயே ஒரு கிளையாக அமைந்தன. இவற்றை வெளியே வைத்தால் ஒரியோக்ரோமிஸ் ஒரு முழுமையான வம்சமாக இராது. எனவே அல்கோலாப்பியாவைத் துணைப்பேரினமாக உள்ளே கொண்டுவருவதுதான் சரி என்று கருதுகிறேன். ஒரு மீன் எவ்வளவு விசித்திரமானது என்பதை வைத்தல்ல, அது யாருடைய சந்ததி என்பதை வைத்தே பேரினம் தீர்மானிக்கப்பட வேண்டும். அதே ஆய்வில் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. ஒரு மரத்தையும் உட்கரு டி.என்.ஏ. வேறொரு மரத்தையும் காட்டின. இந்தப் பேரினத்து மீன்கள் இனம் தாண்டி எளிதில் கலப்பதே இதற்கு ஒரு முக்கியக் காரணம். இவற்றின் உறவைச் சொல்ல ஒரே ஒரு மரபணுவை நம்பக் கூடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

பெயர் விவகாரம் பண்ணைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1960-இல் ஹிக்லிங் என்பவர் மலாக்காவில், மலாயாவில் வளர்ந்த மொசாம்பிக் மீன்களோடு சான்சிபாரிலிருந்து வந்த மீன்களைக் கலந்தார். இரண்டும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்றே அப்போது நினைத்தார்கள். மலாயாப் பெண்ணையும் சான்சிபார் ஆணையும் சேர்த்தபோது பிறந்த குஞ்சுகள் ஏறத்தாழ எல்லாமே ஆண்கள். 1966-இல் டிரெவவாஸ் சான்சிபார் மீனை ஹோர்னோரம் என்ற தனிப் பெயரில் விவரித்தார். பின்னர் அது ஒரியோக்ரோமிஸ் யூரோலெபிஸ் இனத்தின் துணையினமாக வைக்கப்பட்டது. விளக்கம் பாலினக் குரோமோசோம்களில் இருக்கிறது: மொசாம்பிக் மீனில் மனிதரைப் போல ஆண் எக்ஸ்-ஒய், பெண் எக்ஸ்-எக்ஸ், ஹோர்னோரத்தில் கோழியைப் போல ஆண் இசட்-இசட், பெண் இசட்-டபிள்யூ. எக்ஸ்-எக்ஸ் தாய்க்கும் இசட்-இசட் தந்தைக்கும் பிறப்பவை ஆணாகின்றன. சிறு வயதிலேயே குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பி, எல்லா மீனும் சிறுத்துப்போவதுதான் ஜிலேபி வளர்ப்பின் பெரிய தொல்லை என்பதால், ஆண் மீன்களை மட்டும் வளர்ப்பது பண்ணைக்காரருக்குப் பெரும் லாபம். ஒரே இனம் என்று நினைத்தவை இரண்டு இனங்களாக இருந்ததுதான் அந்த லாபத்தின் காரணம்.

கலப்பின் மறுபக்கம் ஆப்பிரிக்காவில் தெரிகிறது. விக்டோரியா ஏரியில் 1950-களில் கொண்டுவிடப்பட்ட நைல் ஜிலேபி பெருகிய பின், அந்த ஏரியின் சொந்த மீன்களான ஒரியோக்ரோமிஸ் எஸ்குலென்டஸும் வேரியபிலிஸும் பிரதான ஏரியிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. சுற்றியுள்ள சிறு ஏரிகளில் எஸ்குலென்டஸ் எஞ்சியிருக்கிறது. லிம்போபோ ஆற்றில் நைல் ஜிலேபி மொசாம்பிக் மீனோடு கலந்துகொண்டிருக்கிறது. உலகின் பல நாடுகளில் தொல்லை என்று பெயரெடுத்த மொசாம்பிக் மீன், தன் தாய்மண்ணில் அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக இன்று பட்டியலிடப்பட்டிருக்கிறது.

இந்தியாவுக்கு மொசாம்பிக் மீன் 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. நைல் மீன் பின்னர் வந்தது. இன்று பண்ணைகளில் வளர்க்கப்படும் ‘கிஃப்ட்’ ரகம், பிலிப்பைன்ஸில் 1988-இல் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத் திட்டத்தில் நைல் மீனிலிருந்து உருவானது. ஆகவே நம் ஏரியில் கிடைக்கும் ஜிலேபி எல்லாவற்றையும் மொசாம்பிகஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது. வாலை விரித்துப் பாருங்கள்: வால் துடுப்பு முழுவதும் மெல்லிய செங்குத்துக் கோடுகள் வரிசையாக ஓடினால் அது நைல் மீன், ஒரியோக்ரோமிஸ் நைலோடிகஸ். அத்தகைய கோடுகள் இல்லாமல், ஆண் கறுத்துத் தொண்டை வெளுத்திருந்தால் மொசாம்பிகஸ். கோடுகள் பாதியில் அறுந்தும் மங்கியும் இருந்தால் கலப்பினமாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணால் பார்த்து அதை உறுதி செய்ய முடியாது.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ் என்ற பெயருக்குப் பின் ‘(பீட்டர்ஸ், 1852)’ என்று அடைப்புக்குறிக்குள் போடுவது, பீட்டர்ஸ் அதை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார் என்பதைக் காட்டுவதற்காக. ஹன்டெரிக்குக் குந்தரின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் எழுத வேண்டும், ஏனெனில் அது தொடக்கத்திலிருந்தே ஒரியோக்ரோமிஸ்தான். ‘மொசாம்பிகா’ ‘மொசாம்பிகஸ்’ ஆனது பேரினப் பெயரின் இலக்கணப் பாலுக்கு ஏற்ற விகுதி மாற்றம் மட்டுமே. பழைய கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அதில் உள்ள பெயரை அப்படியே கொடுத்து, பக்கத்தில் இன்றைய பெயரைச் சேர்த்துவிடுங்கள். இனம் உறுதியாகாத மீனுக்கு ‘ஒரியோக்ரோமிஸ் இனம்’ என்று பேரினத்தோடு நிறுத்தி, வாலின் ஒரு புகைப்படத்தையும் செவுள் முட்களின் எண்ணிக்கையையும் பதிவில் சேர்த்து வைத்தால், பின்னால் ஆராய்பவர் அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.